தேர்தற் பாட்டும் அதன் பொருளும்

1840ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவில் நிகழ்ந்த சனாதிபதித் தேர்தலைப் பாட்டு வென்ற தேர்தல் எனக் கூறுவாருளர். அக்கூற்று முற்றும் பொருந்துவதன்று. ஆயினும் அப்பாட்டுக்கள் ஆராயத்தக்கன.

அப்போது பதவியிலிருந்த சனநாயகக் கட்சியினரான மார்ட்டின் வான் பியூரனை விக் கட்சி வேட்பாளர் வில்லியம் ஹென்றி ஹரிசன் எதிர்த்தார். ஒரு பீப்பாய் அப்பிள் மதுவும் ஓய்வூதியமும் கொடுத்தால் ஹரிசன் மரக்குற்றிக் குடிலொன்றில் வாளா இருந்துவிடுவார் என்று 1839இல் பால்ற்றிமோர்ப் பத்திரிகையொன்று எள்ளியது. அவ்வசையையே விக் கட்சியார் தம் கொடியாக்கிக் கொண்டனர். குடில்கள் வண்டியேறி ஊர்வலம் வந்தன. ஆளுயரத்தினும் பெரிய பந்துகள் ஊரூராக உருட்டப்பட்டன. மதுவும் தாராளமாக வார்க்கப்பட்டது. உண்மையோ வேறு. ஹரிசன் வேர்ஜீனியாப் பெருந்தோட்ட மாளிகையிற் பிறந்தவர். தந்தையார் சுதந்திரப் பிரகடனத்திற் கையொப்பமிட்டவர். செல்வச் செருக்கரெனத் தூற்றப்பட்ட வான் பியூரனே சத்திரம் நடத்தியவரின் மைந்தர்.

பாட்டுக்களுள் தலையாயது ஒகையோ மாநிலத்து அலெக்சாந்தர் கொவ்மன் றொஸ் இயற்றிய 'ரிப்பெக்கனூவும் ரைலரும்' என்பது. 1811இல் ரிப்பெக்கனூ ஆற்றங்கரையிற் பழங்குடியினரோடு பொருத போர் ஹரிசனுக்கு அப்பெயரை ஈந்தது. ஜோன் ரைலர் உபசனாதிபதிப் பதவிக்கு நின்றவர். தமிழ் யாப்பு முறைப்படி 'ரி'யும் 'ரை'யும் மோனையாகா. ஆங்கிலச் செவிக்கோ முதன்மெய் ஒத்தலே போதும். மக்கள் முன்னரே அறிந்த மெட்டும் சேர, கேட்டார் ஒருமுறையிலேயே பாடக் கற்றனர். செய்யுளென்ற அளவில் இது எளியது, செய்தொழிலிற் குறைவற்றது. ஆனால் ரைலர் எக்கொள்கையினர் என்பதை இப்பாட்டு யாண்டும் கூறவில்லை. கூறியிருப்பின் கட்சி பிளந்திருக்கும். தேசிய வங்கியை வேண்டுவோரும் வெறுப்போரும் வான் பியூரன்மீது கொண்ட பகை ஒன்றினாலேயே விக் கட்சியிற் கூடியிருந்தனர். கொள்கை அறிக்கை எதனையும் அக்கட்சி அவ்வாண்டு வெளியிடாமைக்கும் இதுவே காரணம். ஆகவே பாட்டு இங்கே அணியன்று, திரை.

எனினும் இதனை வெறுங் களியாட்டென்று ஒதுக்குவார் கூற்றும் ஏற்புடைத்தன்று. 1837இல் நேர்ந்த பொருளாதார முறிவால் மக்கள் உண்மையாகவே வாடியிருந்தனர். 1836இல் வாக்குரிமையுடையாருள் நூற்றுக்கு அறுபதின்மர்கூட வாக்களித்திலர்; 1840இல் ஏறத்தாழ எண்பதின்மர் வாக்களித்தனர். வாக்குரிமையற்ற பெண்டிரும் கூட்டங்களில் வந்து நின்றனர். அத்துணை ஆர்வத்தோடு வந்தார்க்குச் சிந்தித்தற்குரிய பொருள் ஒன்றேனும் தராமையே இப்பாட்டின் பெருங்குறை.

தேர்வாளர் வாக்குகளில் 234 ஹரிசனுக்கும் 60 வான் பியூரனுக்கும் கிடைத்தன. 1841 மார்ச் 4ஆம் நாட் பதவியேற்ற ஹரிசன் ஏப்ரில் 4ஆம் நாள் இறந்தார். பாட்டின் ஈற்றில் ஒலிநயத்துக்காகப் பாடப்பட்ட பெயருக்குரியவர் சனாதிபதியானார். விக் கட்சியார் பெரிதும் விரும்பிய வங்கி மசோதாக்கள் இரண்டையும் அவர் மறுத்துத் திருப்பியனுப்பினார். தாம் பாடிப் பரப்பிய ரைலரை அக்கட்சியார் அவ்வாண்டு செப்டெம்பரிற் கட்சியினின்றும் நீக்கினர்.