ஐயக்கிளவியும் துப்பறியும் கணினி ஆட்டமும்: சாலைத் தெருவின் இருமொழிச் சூழலை முன்வைத்து

துப்பறியும் கதை தமிழுக்கு வந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிறது. பண்டித நடேச சாஸ்திரியின் ‘தானவன்’ வெளிவந்தது 1894இல். பின்னர் ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் அவ்வகையைப் பெருவழக்காக்கினர். அக்கதைவகையின் கணினி வடிவமாகிய சுட்டிச் சொடுக்கும் துப்பறி ஆட்டமோ தமிழ்த்துறைகளில் பேச்சுப்பொருளாவது அரிது. அது காட்சி சார்ந்தது, மொழியாய்வுக்கு அதில் இடமில்லை என்பது ஒதுக்குவோர் கூறும் காரணம். இக்காரணம் பொருந்தாது. இவ்வாட்டத்தின் உயிர்நாடி படமன்று, வாக்கியமே. தமிழில் அவ்வாட்டம் அமையுங்கால் எழும் முதற்சிக்கலும் இலக்கணச் சிக்கலேயாகும்.

இவ்வகையின் வரலாற்றைச் சுருங்கக் காணலாம். 1980இல் ராபர்ட்டா வில்லியம்ஸும் கென் வில்லியம்ஸும் உருவாக்கிய ‘மிஸ்டரி ஹவுஸ்’ கோட்டோவியங்களைக் காட்டியது. ஆடுபவர் சொற்களைத் தட்டச்சிட்டுக் கட்டளையிட வேண்டியிருந்தது. 1983இல் ஜப்பானில் யூஜி ஹோரி ‘போர்ட்டோப்பியா தொடர் கொலை வழக்கு’ என்னும் ஆட்டத்தைப் படைத்தார். அதில் ஆடுபவரின் ஏவல்களையெல்லாம் செய்துமுடிக்கும் உதவியாளரே இறுதியில் குற்றவாளியாக வெளிப்படுகிறார். 1985இல் மெக்கின்டாஷ் கணினிக்கு வந்த ‘தேஜா வூ’வில் தட்டச்சுக்குப் பதில் சுட்டியே கருவியாயிற்று. தான் யாரென்பதையே மறந்து விழித்தெழும் துப்பறிவாளன் பொருள்களைச் சொடுக்கித் தன் கதையைத் தானே அறிகிறான்.

வாக்கியம் ஆட்டத்தின் மையத்திற்கே வந்துவிட்ட நிலையை 2022இல் லாத்வியச் சகோதரர் இருவர் உருவாக்கிய ‘தி கேஸ் ஆஃப் த கோல்டன் ஐடல்’ காட்டுகிறது. அதில் ஒவ்வோர் இயலும் மரணம் நிகழ்ந்த நொடியில் உறைந்து நிற்கும் ஒரு காட்சி. ஆடுபவர் மாந்தரின் சட்டைப்பைகளையும் மேசைமேற் கடிதங்களையும் சொடுக்கிப் பெயர்களையும் வினைகளையும் பொருட்பெயர்களையும் திரட்டுகிறார். பின்னர், இடையிடையே வெற்றிடம் விடப்பட்ட ஒரு பத்தி தரப்படுகிறது. திரட்டிய சொற்களை அவ்விடங்களில் பொருத்தினால் நடந்தது இன்னதென்பது நிறைவுறும். பிழை இரண்டோ அதற்குக் குறைவோ ஆயின் அதனை மட்டும் ஆட்டம் அறிவிக்கும். எது பிழையென்று கூறாது. ஏட்டில் செல்லரித்த இடத்திற்குப் பாடம் தேடும் பதிப்பாசிரியரின் பணியை இது ஒத்திருப்பது நோக்கத்தக்கது.

ஆங்கிலத்தில் இவ்வாட்டம் தடையின்றி நடப்பதற்குக் காரணம் உண்டு. அம்மொழியில் எடுத்த பெயர் எடுத்தபடியே எவ்விடத்தும் நிற்கும். ‘கொன்ற’ செயலைக் குறிக்கும் இறந்தகால வினை, செய்தவர் ஆணா பெண்ணா எனக் காட்டாது. தமிழ் அவ்வாறன்று. சாலைக் கடைத்தெருவில் ஒரு மளிகைக் கடையின் உள்ளறையில் முதலாளி இறந்துகிடப்பதாக ஓர் ஆட்டத்தைக் கற்பனை செய்து கொள்ளலாம். கயிறு, கத்தி, விடம், படிக்கல் என நான்கு பொருள்கள் அங்குக் கிடக்கின்றன. வெற்றிடத்தை அடுத்து ‘த்தால்’ என்றிருப்பின் மகர ஈற்றுச் சொல்லாகிய விடமே பொருந்தும். ‘யால்’ என்றிருப்பின் கத்தி. கயிறு ‘கயிற்றால்’ எனத் திரியுமாதலால், அதன் இடம் தன்னைத்தானே காட்டிக்கொள்ளும். நன்னூற் புணரியல் கற்ற மாணவர் படத்தை ஏறெடுத்தும் பாராமல் கொலைக்கருவியைக் கண்டுவிடுவார்! இறுதியில் ‘கொன்றாள்’ என்றிருந்தால் ஆடவர் அனைவரும் ஒரே எழுத்தில் விடுதலை பெறுவர். இங்குத் துப்பறிவது விகுதியே.

சாலைத் தெரு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்டது தற்செயலன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருவிதாங்கூர்த் திவான் ராஜா கேசவதாசன் அமைத்த இச்சந்தையில் தமிழ் வணிகர் தலைமுறைகளாக வாழ்கின்றனர். தமிழும் மலையாளமும் ஒரே கடை வாயிலில் பேசப்படுகின்றன. அவ்விரு மொழிகளுள் ஒன்றன் வினைமுற்று செய்தவரின் பாலைச் சொல்லிவிடும். மற்றொன்றன் வினைமுற்று சொல்லாது. தமிழில் கொன்றான், கொன்றாள், கொன்றார் என நிற்கும் மூன்றற்கும் மலையாளத்தில் ‘கொந்நு’ என்பதொன்றே. திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பேராசிரியராக விளங்கிய ஏ.ஆர். ராஜராஜவர்மா, தமது ‘கேரளபாணினீய’த்தில் மலையாளம் தனிமொழியாகப் பிரிந்ததற்குக் கூறும் ஆறு நெறிகளுள் ‘புருஷபேத நிராசம்’ ஒன்று. வினையில் இடம், பால் காட்டும் விகுதிகள் நீங்கியதையே அவர் அவ்வாறு பெயரிட்டார். ஜப்பானிய வினைக்கும் பால்காட்டும் விகுதி இல்லை.

இவ்வேறுபாட்டை எழுத்துத் தொழிலில் நாள்தோறும் எதிர்கொண்டவர் ஆ. மாதவன் (1934–2021). சாலைத் தெருவில் கடை நடத்தியவாறே ‘கடைத்தெருக் கதைகள்’ எழுதிய அவர், மலையாற்றூர் ராமகிருஷ்ணனின் ‘யட்சி’யைத் தமிழாக்கியவருமாவார். மலையாளத்தில் எழுவாய் தொக்கு நிற்கும் வாக்கியத்தைத் தமிழாக்குபவர், மூலம் சொல்லாது விட்ட பாலை ஒவ்வொரு முறையும் தாமே தீர்மானித்தாக வேண்டும். துப்பறி ஆட்டத்தைத் தமிழாக்க முற்படுபவர்க்கும் இதுவே இக்கட்டு.

இதற்கு இன்று எளிதிற் கைக்கொள்ளப்படும் வழி ‘கொல்லப்பட்டார்’ என்னும் செயப்பாட்டுவினை. இது சிக்கலைத் தீர்ப்பதன்று, தவிர்ப்பது. செய்தவரை வாக்கியத்தினின்று அகற்றிவிட்டால் ‘யார்’ என்னும் வினாவிற்கு இடமே இராது. அவ்வினா இன்றேல் ஆட்டமும் இல்லை. டொராண்டோவில் உருவாகி 2023இல் வெளிவந்த ‘வெண்பா’ இவ்விக்கட்டில் அகப்படாததும் கருதத்தக்கது. புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பத்தைப் பற்றிய அவ்வாட்டத்தில் சிதைந்த சமையற் குறிப்பின் விடுபாடுகளை ஊகித்தறிய வேண்டும். சமையற் குறிப்போ ஏவலால் ஆனது. ஏவல்வினைக்கு ஆண்பால் பெண்பால் வேறுபாடு இல்லை.

கொலை வழக்கிற்கு வழி, தொல்காப்பியக் கிளவியாக்கத்தில் அடுத்தடுத்து நிற்கும் மூன்று நூற்பாக்களில் உள்ளது. மக்கள் எனத் தெளிந்து ஆணோ பெண்ணோ என ஐயுற்றவிடத்துப் பன்மையாற் கூறுக என்பது முதல் விதி. மக்களோ பிறிதோ எனத் திணையிலேயே ஐயம் எழின் ‘உரு’ போன்ற பொதுச்சொல்லாற் சுட்டலாம் என்பது அடுத்தது. ஐயம் நீங்கியபின் அன்மைச்சொல் எவ்வாறு நிற்கும் என்பதை மூன்றாவது கூறுகிறது. சேனாவரையர் உரைவழி நோக்கின், மறுக்கப்படும் பொருளுக்கன்றித் துணியப்பட்ட பொருளுக்கே அவ்வன்மைச்சொல் இயையும். அவ்வுரையின்படி, மேற்கூறிய மளிகைக் கடை வழக்கில் தங்கையை விடுவித்துத் தம்பியைத் துணிபவர் ‘தங்கை அல்லன், தம்பி’ எனல் வேண்டும். அதாவது, குற்றவாளியின் பெயரை உச்சரிக்கும் முன்பே ‘அல்லன்’ என்னும் மறுப்பு அவன் பாலைக் கொண்டுவிடுகிறது. ஐயம், துணிபு, மறுப்பு என்னும் மூன்று நிலைகளும் தனித்தனிச் சொல்வடிவம் பெற்றிருக்கும் இம்முறை துப்பறி ஆட்டத்தின் நடைக்கு வெகுவாகப் பொருந்துவது. இது ஏட்டளவில் நின்றுவிட்ட விதியுமன்று. நாளிதழ்கள் திருட்டுச் செய்திகளில் ‘மர்ம நபர்கள்’ என எழுதுவது வந்தவர் பலர் என்று அறிந்தன்று, பெரும்பாலும் அறியாமையாலேயே.

எனினும் இவ்வழியில் ஓர் இடர்ப்பாடு உண்டு. ஐயத்திற்கு உரிய பன்மை இன்று மரியாதைக்கு உரியதாகிவிட்டது. கற்பனை ஆட்டத்தின் மளிகைக் கடையில் பங்காளி ‘வந்தார்’, சுமைதூக்கி ‘வந்தான்’, பாத்திரம் துலக்குபவள் ‘வந்தாள்’ என்றெழுதுவதே நடைமுறைத் தமிழ். அங்ஙனமாயின் ‘கொன்றார்’ என்று முடியும் வெற்றிட வாக்கியம் சுமைதூக்கியையும் வேலைக்காரியையும் விலக்கிப் பங்காளியைச் சுட்டிவிடும். பாலை மறைக்கப் புகுந்த விகுதி தகுதியை வெளிப்படுத்திவிடும். இதற்குத் தீர்வு, காட்சியில் உள்ளார் அனைவர்க்கும், வழக்கு முடியுமட்டும், ‘ஆர்’ விகுதியே கொடுத்தல். மாதவனின் கடைத்தெரு மாந்தருள் பெரும்பாலோர் கூலியாட்களும் போக்கிரிகளும் நாதியற்றோருமாவர். ‘ஆன்’ விகுதியன்றிப் பிறிதொன்றைப் பிறர் வாயிற் கேளாதவர். அத்தகையோர்க்கும் முதலாளிக்கும் ஒரே விகுதி வழங்கும் ஆட்டம் ஆடுபவரின் காதுக்கு முதலில் செயற்கையாகவே ஒலிக்கும். வழக்கு முடிந்து ‘ஆர்’ நீங்கி எவர்க்கு ‘ஆன்’ வருகிறது, எவர்க்கு ‘ஆர்’ நிலைக்கிறது என்பதை அவர் அதன்பின்னரே கவனிக்கத் தொடங்குவார்.