அவனா, அவரா, அதுவா? தமிழில் தோரா வாராந்திர வாசிப்பு பற்றி ஒரு விமர்சனம்

தோராவின் வாராந்திரப் பகுதிகளை மெசியானிக் பார்வையில் படிக்கும் வகுப்புகள் இப்போது தமிழிலும் நடக்கின்றன. யூதர்கள் அந்த வாரம் ஜெப ஆலயத்தில் வாசிக்கும் அதே பகுதியை (பராஷா) எடுத்துக்கொண்டு, அதில் மேசியா எங்கே தென்படுகிறார் என்று தேடுவதுதான் முறை. இயேசுவை 'யெஷுவா' என்றே சொல்வார்கள். கொஞ்ச காலமாக இந்தப் பாடங்களைக் கேட்டு, தமிழ் வேதாகமத்தையும் எபிரெய மூலத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு வருகிறேன். இயேசு மேசியாவா இல்லையா என்று வாதாடுவது இந்தக் குறிப்பின் வேலை இல்லை. என் கேள்வி சின்னது: வகுப்பில் "தோராவிலேயே இருக்கு பாருங்க" என்று காட்டுகிறார்களே, அது தோராவில் இருக்கிறதா, தமிழில் இருக்கிறதா?

முதலில் இந்த முறையின் நல்ல பக்கம். ஐந்து ஆகமங்களும் 54 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, சிம்ஹாத் தோரா அன்று முடிந்து அன்றே மறுபடி ஆதியாகமத்தில் தொடங்குகின்றன. வாரங்கள் குறைவான வருடங்களில் சில பகுதிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து வாசிப்பார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் தீர்க்கதரிசிகளிலிருந்து ஒரு துணை வாசிப்பு உண்டு, அதன் பெயர் ஹஃப்தாரா. மெசியானிக் சபைகள் மூன்றாவதாகப் புதிய ஏற்பாட்டிலிருந்தும் ஒன்றைச் சேர்க்கின்றன. டேவிட் ஸ்டெர்னின் 1998-ஆம் வருடத்து 'கம்ப்ளீட் ஜூயிஷ் பைபிள்' இந்தப் பிரிவுகளை உள்ளேயே குறித்துக் கொடுத்திருக்கிறது.

இந்த ஏற்பாட்டில் எதையும் தாண்டிப்போக முடியாது. தோல் வியாதி வந்தாலும் ஆசரிப்புக் கூடாரத்தின் பலகைக் கணக்கு வந்தாலும் வாசித்தே ஆகணும். ஜனவரி 1 அன்று ஒரு வாக்குத்தத்த வசன அட்டையை எடுத்து வருடம் முழுக்க அதையே பிடித்துக்கொள்ளும் பழக்கத்துக்கு இது நல்ல மாற்று மருந்து.

இனி பிரச்சனை. வகுப்புகளில் திரும்பத் திரும்ப வரும் நாலு இடங்களைப் பார்க்கலாம். புராட்டஸ்டண்ட் வீடுகளில் பரவலாக இருப்பது, ஹென்றி பவர் தலைமையிலான குழு திருத்தி 1871-ல் முழுமையாக வந்த மொழிபெயர்ப்பின் வழி வந்த 'பரிசுத்த வேதாகமம்'. நான் பேசுவது அதை வைத்துத்தான்.

1. ஆதியாகமம் 3:15 (பெரேஷித் பகுதி). பாம்பின் தலையை நசுக்கப்போவது யார்? எபிரெயத்தில் அங்கே இருப்பது 'ஹூ' என்ற படர்க்கைச் சொல். அது குறிப்பது 'ஸெரா', அதாவது வித்து. எபிரெயத்தில் 'வித்து' ஆண்பால், அதனால் 'ஹூ'வும் ஆண்பால். ஒரு ஆளையும் சொல்லலாம், ஒரு வம்சத்தையும் சொல்லலாம். நம்ம வேதாகமத்தில் இருப்பது 'அவர்'. மரியாதைப் பன்மை வந்த உடனே வம்சம் என்ற பொருள் காணாமல் போய், ஒரே ஒரு பெரியவர் மட்டும் மிஞ்சுகிறார். கத்தோலிக்கரும் பயன்படுத்தும் 1995 திருவிவிலியம் இதே இடத்தில் வித்து என்றே வைத்துக்கொண்டு அஃறிணையில் போகிறது. லத்தீன் வுல்காத்தாவோ 'இப்ஸா', அதாவது 'அவள்' என்கிறது. பாம்பை மிதித்து நிற்கும் மரியாள் சிலைகளுக்குப் பின்னால் இருப்பது அந்த ஒரு சொல்தான். ஒரே மூலச்சொல், அவர், அது, அவள் என்று மூன்று முடிவுகள்.

2. ஆதியாகமம் 49:10 (வயெஹி பகுதி). யாக்கோபு சாகும்போது யூதாவுக்குச் சொல்லும் வாக்கு. எபிரெயத்தில் 'ஷிலோ' என்று ஒரு சொல் வருகிறது. என்ன பொருள் என்று ரெண்டாயிரம் வருடமாகச் சண்டை. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு "அவனுக்கென்று வைக்கப்பட்டவை" என்ற பொருளில் எடுத்தது. வுல்காத்தா "அனுப்பப்பட இருப்பவர்" என்றது. லூத்தர் 'வீரன்' என்றார். ஆங்கில கிங் ஜேம்ஸ் வம்பே வேண்டாம் என்று 'ஷைலோ' என்று அப்படியே விட்டுவிட்டது. தமிழில் இருப்பது 'சமாதான கர்த்தர்'. யெகோவா என்ற நான்கெழுத்துப் பெயருக்குப் பதிலாக வேதாகமம் முழுக்க வைத்திருக்கும் அதே 'கர்த்தர்'. இதே பெயரில் ஒரு ஊரும் உண்டு, சாமுவேல் சிறுவனாக வளர்ந்த ஊர். அதைத் தமிழில் 'சீலோ' என்று போட்டிருப்பதால், இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாமோ என்ற சந்தேகம்கூட தமிழ் வாசகருக்கு வர வழி இல்லை.

3. எண்ணாகமம் 24:17 (பாலாக் பகுதி). யாக்கோபிலிருந்து உதிக்கும் நட்சத்திரம். பிலேயாம் யாரைப் பார்ப்பதாகச் சொல்கிறானோ, அவருக்கும் தமிழில் 'அவர்'. பார்ப்பதற்கு வரும் வினைகளில் ஒன்று 'தரிசிப்பேன்'. தரிசனம் என்ற சொல்லை எங்கே பயன்படுத்துவோம் என்று திருவண்ணாமலைப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

4. உபாகமம் 18:15 (ஷோஃப்டீம் பகுதி). எனக்கு ரொம்ப சுவாரசியமானது இதுதான். மோசே, தன்னைப்போல ஒரு தீர்க்கதரிசி வருவார் என்கிறார். இந்த மொழிபெயர்ப்பின் கதைசொல்லிக்கு ஆபிரகாம் 'அவன்', மோசே 'அவன்', தாவீது 'அவன்'. ஆனால் மோசேயைப் போல வரப்போகிறவர் மட்டும் 'அவர்'! ஐந்து வசனம் தள்ளி வரும் பொய்த் தீர்க்கதரிசி மறுபடி 'அவன்' ஆகிவிடுகிறான். எபிரெயத்தில் இந்த அவன்-அவர் வேறுபாடே கிடையாது. தமிழில் எழுத உட்கார்ந்தால் ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும், தப்ப முடியாது. அதற்காக மொழிபெயர்த்தவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவர்கள் சபைக்காக எழுதினார்கள், அப்போஸ்தலர் 3-ல் பேதுரு இந்த வசனத்தை இயேசுவுக்குப் பொருத்துவதை நம்பினார்கள். ஆனால் அந்தத் தேர்வு அவர்களுடைய விளக்கம். அதை மோசேயின் கணக்கில் எழுதக் கூடாது.

எங்க தொழில் பாஷையில் சொல்லணும்னா, கமெண்ட்டாக இருக்க வேண்டியதை கோடுக்குள்ளேயே சேர்த்து கம்பைல் பண்ணியாச்சு. ஓட்டிப் பார்க்கிறவருக்கு எது எது என்று தெரியாது.

"அப்போ மேசியா என்பதே கிறிஸ்தவர்கள் திணித்ததா?" என்று உடனே எதிர்ப்பக்கம் தாவினால் அதுவும் தப்பு. ஒன்கெலோஸின் அரமேயத் தர்கூம், யூதர்களே மதிக்கும் மொழிபெயர்ப்பு. 49:10-ல் 'ஷிலோ' வரும் இடத்தில் அது நேராக மேசியா என்கிறது, ராஷியும் அதையே சொல்கிறார். நட்சத்திர வசனத்தை ரபி அகிவா, ரோமுக்கு எதிராக கி.பி. 132-ல் கிளம்பிய பார் கோக்பாவுக்குப் பொருத்தினார். அதே வசனத்தை ராஷி தாவீதுக்குக் கொடுத்தார். மைமோனிடஸ் வரி வரியாகப் பிரித்து, பாதி தாவீது, பாதி வரப்போகும் மேசியா என்று பங்கு போட்டார். ஆக, மேசியாவைத் தேடுவது பழைய வழக்கம்தான்.

வித்தியாசம் எங்கே என்றால், அங்கே மூலமும் விளக்கமும் இரண்டு குரல்களாக இருந்தன. பழைய ஜெப ஆலயத்தில் ஒருவர் எபிரெயத்தில் வாசிப்பார், இன்னொருவர் நின்று அரமேயத்தில் சொல்வார். தோரா என்றால் ஒரு வசனத்துக்கு மேல் சேர்த்து வாசித்து மொழிபெயர்ப்பவரிடம் கொடுக்கக் கூடாது என்கிறது மிஷ்னா (மெகில்லா 4:4). வாசிப்பவர் மொழிபெயர்ப்பவருக்கு எடுத்துக் கொடுக்கவும் கூடாது என்று தல்மூத் சொல்லும் காரணம் அருமையானது: அந்த மொழிபெயர்ப்பும் தோராவில் எழுதியிருக்கிறது என்று ஜனங்கள் நினைத்துவிடக் கூடாது.

இது நமக்குத் தெரியாத ஏற்பாடு ஒன்றும் இல்லை. எங்க கீழ்பென்னாத்தூரிலிருந்து செஞ்சி வரைக்கும் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதப் பிரசங்கம் நடக்கும். பகலில் பிரசங்கியார் வில்லிபாரதப் பாட்டைப் பாடி, பிறகு பேச்சு வழக்கில் விளக்குவார். இரவு அதே கதை கூத்தாக வரும். எது பாட்டு, எது பிரசங்கியார் சேர்த்த சரக்கு, எது கட்டியங்காரன் அடித்த நக்கல் என்று தரையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்குத் தெரியும். தமிழ் பராஷா வகுப்பில் அந்த இடைவெளி இல்லை.

இதை ஏன் இவ்வளவு நீட்டி எழுதணும்? சில பாடங்கள் போய் நிற்கும் முடிவுக்காகத்தான்: "இவ்வளவு வெளிப்படையா எழுதியிருக்கு, யூதர்கள் கண்ணுக்குத் தெரியலை." குருட்டுத்தனம், பிடிவாதம் என்ற இந்தக் குற்றச்சாட்டுக்கு ஐரோப்பாவில் நீண்ட, ரத்தம் படிந்த வரலாறு உண்டு. யூதரே இல்லாத ஊரில் உட்கார்ந்து, அவர்கள் படித்திராத ஒரு தமிழ்ச் சொல்லைச் சாட்சியாக வைத்து அதே குற்றத்தைச் சுமத்துகிறோம். 'அவர்' என்பது எபிரெயத்தில் இல்லவே இல்லை. இல்லாததை அவர்கள் எப்படிப் பார்ப்பார்கள்?

இதற்குத் துணையாக வரும் இன்னொரு வாதம், ஏசாயா 53-ஐ ஹஃப்தாராவிலிருந்து மறைத்துவிட்டார்கள் என்பது. ஷோஃப்டீம் வாரம் ஏசாயா 52:12-ல் நிற்கும், அடுத்த வாரம் 54-ல் தொடங்கும் என்பது உண்மைதான். ஆனால் இன்று பரவலாக உள்ள வரிசையில் 45 முதல் 48 வரையும் இல்லை. ஹஃப்தாரா ஒரு தேர்வு. தீர்க்கதரிசிகளின் பெரும்பகுதி அதில் வராது. கிறிஸ்துமஸ்தோறும் சபைகளில் வாசிக்கும், பாலகன் பிறந்ததைச் சொல்லும் ஏசாயா 9-ஆம் அதிகார வசனத்தை அஷ்கெநாசி யூதர்கள் யித்ரோ வாரத்தில் வருடாவருடம் வாசிக்கிறார்கள். மறைப்பதுதான் நோக்கம் என்றால் முதலில் வெட்ட வேண்டியது அதைத்தான்.

வகுப்பை நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை. யூத மரபிலேயே நல்ல வழி ஒன்று இருக்கிறது: அந்த வாரப் பகுதியை மூலத்தில் இரண்டு முறை, தர்கூமில் ஒரு முறை படிக்கணும் என்பது. தமிழில் இதை இப்படிச் செய்யலாம். பழைய வேதாகமத்தில் ஒரு முறை, திருவிவிலியத்தில் ஒரு முறை படியுங்கள். இரண்டும் பிரியும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, அங்கே மட்டும் எபிரெயச் சொல்லைத் தேடுங்கள். எழுத்து தெரியாவிட்டாலும் சொல்லுக்குச் சொல் பொருள் தரும் இலவச ஆப்கள் இருக்கின்றன. அப்புறம் "இங்கே நான் மேசியாவைப் பார்க்கிறேன்" என்று தாராளமாகச் சொல்லுங்கள். 'நான் பார்க்கிறேன்' என்பது நேர்மையான வாக்கியம். 'எழுதியிருக்கு' என்று சொல்வதற்கு முன்னால் மட்டும், யார் எழுதியது என்று ஒரு தடவை பார்த்துவிடுவோம்.