நாளுக்கு ஒரு படம்

நியூயார்க்கில் வாழ்ந்த ஜேமி லிவிங்ஸ்டன் 1979 மார்ச் 31 முதல் தினமும் ஒரு போலராய்டு படம் எடுத்தார். ஒன்றே ஒன்று. 1997 அக்டோபர் 25 அன்று, தன் 41ஆவது பிறந்தநாளில், புற்றுநோயால் இறக்கும்வரை நிறுத்தவில்லை. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள்! நண்பர்கள், சாப்பாட்டு மேஜை, மருத்துவமனைக் கட்டில், கடைசி மாதத்தில் நடந்த கல்யாணம்.

அந்த ‘ஒன்றே ஒன்று’தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. இன்றைக்கு எது மிஞ்ச வேண்டும் என்று முடிவெடுக்கக் கண் நாள் முழுக்க விழித்திருக்க வேண்டும்.

எங்கள் அக்காவும் இதைச் செய்கிறாள், ஃபோனில். காலையில் தலைப்பின்னலுக்குச் சிணுங்கும் மகள், ஒருநாள் வெறும் ரசச்சட்டி. ஞாயிறு மாலை என்றால் பெசன்ட் நகர் கடற்கரை. நம் கிழக்குக் கரையில் சூரியன் ஊர்ப்பக்கம்தான் இறங்கும். அதனால் கடலுக்கு முதுகு காட்டி நிற்பவர்களின் முகத்தில் வெளிச்சம் நேராக விழும். அலை வந்து காலை நனைக்கும் நொடியில் யாருமே கேமராவைப் பார்ப்பதில்லை. பாவாடையைத் தூக்கிப் பிடித்த சின்னவள், இரண்டு ஜோடிச் செருப்பையும் கையில் வைத்திருக்கும் பாட்டி. அதுதான் படம். வரிசையாக நிற்கவைத்துச் சிரிக்கச் சொன்ன படங்கள் இதற்கு ஈடாகாது.

ஒரு குறை உண்டு. இத்தனை படங்களில் அக்காவை எங்கும் காணோம். உங்கள் வீட்டில் படம் எடுப்பவரிடமிருந்து ஒருநாளாவது ஃபோனை வாங்கி, அவரை எடுங்கள்.