விட்டுப் பிடிப்பவர்

மிலான்–சான் ரெமோ சைக்கிள் பந்தயம் பற்றி ஒவ்வொரு மார்ச்சிலும் ஒரே பேச்சுதான். ஆறு மணி நேரம் ஒன்றும் நடக்காது, கடைசியில் போஜியோ மேடு வரும்போது டிவியைப் போட்டால் போதும் என்கிறார்கள். சைக்கிள் பந்தயத்தை ஊன்றிப் பார்க்கிறவர்களே இப்படிச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. போஜியோவில் யாருக்குக் காலில் வலு மிச்சம் இருந்தது, யாருக்கு இல்லை என்பதில் பாதி, நான்கு மணி நேரத்துக்கு முன்பே முடிவாகிவிடுகிறது. முடிவு செய்பவர் பெருங்குழுவின் முன்னணியில், முகத்தில் காற்றை வாங்கிக்கொண்டு மிதிக்கிற ஒருவர். முடிவுப் பட்டியலில் அவரை அடியில்தான் தேட வேண்டும்.

இத்தாலியர் கிரெகாரியோ என்று அழைக்கும் துணை வீரர் அவர். அணிக்கு ஏழு பேர். அதில் ஒருவரைப் பெரிய அணிகள் இதற்கென்றே ஒதுக்குகின்றன. பந்தயம் சூடு பிடிக்கும் முன்பே ஒரு சிறு கூட்டம் முன்னால் பிய்த்துக்கொண்டு போகும். அவர்களைத் துரத்துவதுதான் இவர் வேலை என்று நினைக்கிறோம். துரத்துவதில் என்ன கஷ்டம்? நூற்றைம்பது பேருக்கு மேல் இருக்கிற குழு மனம் வைத்தால் எப்போது வேண்டுமானாலும் பிடித்துவிடலாம். எப்போது பிடிக்கக் கூடாது என்பதில்தான் வித்தை இருக்கிறது. சீக்கிரம் பிடித்தால் களைப்பே காணாத கால்களோடு அடுத்த கூட்டம் கிளம்பும். அணித் தலைவருக்கென்று காப்பாற்றி வைத்திருந்த ஆட்களை மதியத்திலேயே செலவழிக்க நேரிடும். தாமதித்தால் போஜியோவுக்கு முந்தைய மேடான சிப்ரெஸ்ஸாவின் அடிவாரத்தில் எல்லோரும் நாக்குத் தள்ள ஓடவேண்டும். பட்டத்துக்கு நூல் விடுகிறவரைப் போல இவர் விட்டுப் பிடிக்கிறார்.

பத்து கிலோமீட்டருக்கு ஒரு நிமிடத்தை விரட்டும் குழு மீட்டுவிடும் என்பது பழைய கணக்கு. போ ஆற்றுச் சமவெளிக்கு அது சரி. 532 மீட்டர் உயரத் துர்க்கினோ கணவாயைத் தாண்டி வோல்த்ரியில் இறங்கி, ஆரேலியா சாலையில் வலப்பக்கம் திரும்பி, இடது கையில் கடல் வந்துவிட்டால் அந்தக் கணக்கை மூட்டை கட்டி வைக்கவேண்டும். அங்கிருந்து சான் ரெமோவுக்கு 130 கிலோமீட்டருக்கு மேல்; சவோனா, அல்பெங்கா, அலாஸ்ஸியோ என்று ஊருக்கு ஊர் சாலை வளையும், காற்றும் மாறும். மேற்கிலிருந்து காற்று முகத்தில் அடித்தால் முன்னால் போன கூட்டம் தானாகவே தேய்ந்துவிடும். இன்னும் ஒரு நிமிடம் தாராளமாக விடலாம். காற்று முதுகில் தள்ளினால் நிலைமை நேர்மாறு. அப்போது பின்னால் ஒளிந்து வருவதில் கிடைக்கும் லாபம் குறைகிறது, பெருங்குழு என்ற பலமே பாதி கரைகிறது. நூலை முன்கூட்டியே சுற்றத் தொடங்கவேண்டும்.

வேகத்தைக் கொஞ்சம் கூட்டுவது பெரிய விஷயமா என்று கேட்பவர்களுக்காக இது. காற்றை வெல்லத் தேவையான சக்தி வேகத்தின் கனத்துக்கு (முப்படிக்கு) ஏற்ப ஏறுகிறது. மணிக்கு 40 கிலோமீட்டரிலிருந்து 44-க்குப் போக, முன்னால் இருப்பவர் காற்றுக்குக் கொடுக்கும் விலை மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. ஒளிந்து வருகிறவர்களுக்கு அதில் சிறு பங்குதான் உறைக்கும். ஆகவே தப்பான நேரத்தில் ஐந்து நிமிடம் முடுக்கினால் அவர் தன்னைத்தான் எரித்துக்கொள்கிறார். அணிக் காரிலிருந்து ரேடியோவில் என்ன சொன்னாலும், அந்த ஐந்து நிமிடத்தைக் கொடுப்பதா வேண்டாமா என்று காலுக்குத்தான் தெரியும்.

காப்போ மெலே, காப்போ செர்வோ, காப்போ பெர்த்தா என்று மூன்று கடல்முனைகள் வரும் இடத்தில் கூர்ந்து பாருங்கள். மூன்றுமே சின்ன ஏற்றங்கள்தான், ஆனால் இருநூற்று நாற்பது கிலோமீட்டர் மிதித்த கால்களுக்கு அவை சின்னவை அல்ல. தலைவர் வேகப்பாய்ச்சல்காரர் என்றால் துணைவர் சீராக, ஒரு குலுக்கலும் இல்லாமல் ஏற்றுவார். தலைவர் மேடேறுபவர் என்றால் துணைவர் பெர்த்தாவில் கொஞ்சம் அழுத்துவார். யாரும் பிரிந்து போகமாட்டார்கள், படத்தில் ஒன்றும் தெரியாது, ஆனால் பாய்ச்சல்காரர்களின் தொடையில் அது தங்கிவிடும். ஒன்றும் நடக்கவில்லை என்று நாம் சொல்கிற நேரம் இதுதான்.

இந்த வேலைக்கு ஆள் தராமல் பின்னால் உட்கார்ந்து வருகிற அணிகள்மேல் எனக்கு மரியாதை கிடையாது. கடைசி ஐந்து கிலோமீட்டரில் வெற்றிக்கு உரிமை கொண்டாடுகிறவர்கள் அல்பெங்காவில் ஒரு மணி நேரம் காற்றைத் தாங்கட்டும். பின்னால் உட்கார்ந்து வருவதைச் சாமர்த்தியம் என்று வர்ணனையாளர்கள் மெச்சுவது இன்னும் வலிக்கிறது.

1960-இல் போஜியோவையும் 1982-இல் சிப்ரெஸ்ஸாவையும் சேர்த்தது பந்தயத்தைக் கடினமாக்கத்தான். ஆனாலும் சிப்ரெஸ்ஸாவில் தாக்கியவர்கள் அதற்கும் போஜியோவுக்கும் இடைப்பட்ட சமதரையில் பிடிபடுவதே நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. 2025-இல் சிப்ரெஸ்ஸாவில் பிரிந்தவர்களைப் பெருங்குழு கடைசி வரை எட்டவில்லை. இனி ஒவ்வொரு மேடேறியும் அங்கே தாக்கிப் பார்ப்பார். அதனால் முன்கூட்டத்துக்கு விடும் நூல் சுருங்கும். நாள் முழுக்க இழுக்கும் கனத்த உடம்புக்காரருக்கு இம்பேரியா ஊரோடு வேலை முடியும். அங்கிருந்து சிப்ரெஸ்ஸா அடிவாரம் வரை பொறுப்பேற்க, அதுவரை புத்துணர்வோடு வைத்திருந்த இன்னொருவரைத் தேடி அணிகள் பணம் கொட்டும். ஒருவரே இரண்டையும் செய்யவேண்டும் என்று எதிர்பார்க்கும் அணிகள், தலைவரை முப்பதாவது இடத்தில் வைத்தபடி சிப்ரெஸ்ஸாவில் நுழைந்து தோற்கும்.

2025-இல் மீண்டும் தொடங்கிய பெண்கள் பந்தயத்தில் இது இன்னும் கூர்மையாகும். ஜெனோவாவிலிருந்து 156 கிலோமீட்டர்தான், துர்க்கினோ இல்லை. நூல் விட்டுப் பார்க்க நேரமே குறைவு. முன்கூட்டத்தைக் குறைத்து மதிப்பிடும் பெரிய அணிகளை ஏமாற்றி, கடற்கரையிலேயே தப்பித்த ஒரு கூட்டம் சான் ரெமோ வரை போய்ச்சேரும் நாள், ஆண்கள் பந்தயத்தைவிட இங்கேதான் முதலில் வரும். ஐந்து ஆண்டுக்குள் வரும் என்பது என் கணிப்பு.