ஒரு நாள் சோதனை காட்டாதவை

2025 ஜூன் கடைசியில் உத்தரப் பிரதேச மாநில மகளிர் ஆணையமும் காவல்துறையும் நொய்டா 55ஆம் செக்டாரில் ஒரு முதியோர் இல்லத்துக்குள் நுழைந்தன. கைகள் கட்டப்பட்டிருந்த மூதாட்டி, பூட்டிய அறைகளில் அழுக்குத் துணியோடு கிடந்தவர்கள் என 39 பேர் மீட்கப்பட்டார்கள். காணொளி ஒன்று பரவிய பிறகே இது நடந்தது. டெல்லியைச் சுற்றிப் பெருகிவரும் இத்தகைய இல்லங்களை ஒழுங்குபடுத்த இதுபோன்ற அதிரடிச் சோதனைகளே போதும் என்று வாதிடுவோர் இருக்கிறார்கள். கட்டிய கையை அவிழ்த்த செயலில் குறை சொல்ல ஏதுமில்லை. அச்சம் சில நிர்வாகிகளைத் திருத்தவும் கூடும். ஆனால் முதியோருக்கு இழைக்கப்படும் தீங்கில் பெரும்பகுதி, ஒருநாள் திடீரென்று உள்ளே போகிறவர் கண்ணில் படும் வகையைச் சேர்ந்ததல்ல.

கயிறும் பூட்டும் படத்தில் விழும். புறக்கணிப்பு விழாது. படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் வால் எலும்பிலும் குதிகாலிலும் முதலில் தோன்றுவது வெறும் நிறமாற்றம்தான். கருத்த தோலில் அதுவும் எளிதில் தெரியாது. இரவில் படுக்கை நனையக்கூடாது என்று மாலையிலேயே தண்ணீரைக் குறைத்தால் உடல் வறண்டு நினைவு தடுமாறும். ‘வயசாயிடுச்சு’ என்ற ஒற்றைச் சொல்லில் அது மூடப்படும். தூக்க மாத்திரை கொடுத்து அமைதிப்படுத்தப்பட்டவர், சோதனைக்கு வந்தவர் கண்ணுக்கு நிம்மதியாக உறங்குபவர். போன மாத எடை என்ன, எந்த மாத்திரை எப்போது யார் சொல்லிக் கூட்டப்பட்டது, நடந்து வந்தவர் எந்த வாரம் படுத்தார் என்று பதிவேட்டோடு ஒப்பிட்டால்தான் இவையெல்லாம் புலப்படும். ஒப்பிட வேண்டுமானால் அதே ஆள் மறுபடியும் வரவேண்டும். கேமரா பொருத்தினால் போதாதா என்பார்கள். கேமரா கூடத்தைக் காட்டும், புண்ணைக் காட்டாது. உலக சுகாதார நிறுவனம் முன்வைக்கும் ஆய்வுகளின்படி, இத்தகைய நிலையங்களின் ஊழியர்களில் மூவரில் இருவர் முந்தைய ஓராண்டில் ஏதோவொரு வகைக் கொடுமை இழைத்ததாகத் தாங்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஒரு சில கொடியவர்களைப் பிடித்து ஒழிக்கும் வேலையாக இதைக் கருதுவது எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? உள்ளே இருப்பவரே புகார் செய்யட்டும் என்பதும் கொடுமையான எதிர்பார்ப்பு. புகார் சொன்ன இரவும் அவர் அதே ஊழியர் கையால்தான் சோறு உண்ண வேண்டும். 14567 என்ற முதியோர் உதவி எண், தொலைபேசி எட்டாத கட்டிலில் கிடப்பவருக்கு என்ன உதவி?

கண்காணிப்பை இறுக்கினால் சிறிய அறக்கட்டளை இல்லங்கள் மூடப்பட்டு முதியவர்கள் தெருவுக்கு வருவார்கள் என்ற மறுப்பு வலுவானதாகத் தோன்றும். குழந்தைகள் விஷயத்தில் இந்த வாதத்தை நாம் ஏற்கவில்லை. 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம் குழந்தைகள் இல்லம் ஒவ்வொன்றும் பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் ஆய்வுக் குழு போகவேண்டும், அதில் ஒரு பெண்ணும் ஒரு மருத்துவ அலுவலரும் இருக்கவேண்டும் என்றும் விதிக்கிறது. அது எல்லா இடத்திலும் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்லவில்லை. ஆனால் நடக்காதபோது கேட்க ஒரு சட்டம் இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு நலச் சட்டமோ மாவட்டத்துக்கு ஒரு முதியோர் இல்லமாவது அரசு கட்டலாம் என்கிறது. மாதக் கட்டணம் வாங்கும் தனியார் இல்லத்தைப் பதிவு செய்யக் கட்டாயப்படுத்தவில்லை. நகர முடியாத எண்பது வயதுக்காரர் எட்டு வயதுக் குழந்தையைவிடத் தன்னைக் காத்துக்கொள்ள வல்லவர் என்று எந்த அடிப்படையில் முடிவு செய்தோம்?

தனியார் பராமரிப்பு இல்லங்களுக்குப் பதிவும் குறைந்தபட்சத் தரமும் வேண்டும் என்ற திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவையில் வைக்கப்பட்டது; 2024இல் அந்த அவை கலைந்தபோது காலாவதியானது. அதை மீண்டும் கொண்டுவர வேண்டும். அதுவரை டெல்லி அரசு காத்திருக்கத் தேவையில்லை, மாவட்டந்தோறும் ஒரு செவிலியரும் ஒரு மருத்துவரும் கொண்ட குழுவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்த இல்லங்களுக்கு அனுப்பத் தொடங்க வேண்டும்.