செய்திக்கு அடியில் ஒரு கட்டம்

தற்கொலைச் செய்திகளுக்கு அடியில் நம் நாளிதழ்களும் இணையதளங்களும் ஒரு கட்டம் போடுவதைப் பார்த்திருப்பீங்க. தற்கொலை தீர்வாகாதுன்னு ஒரு வரி, அப்புறம் 104, சென்னை சினேகா அமைப்பின் எண். நல்ல பழக்கம்தான். ஆனா அதை ஒரு மென்பொருள் இடைமுகமாக எடுத்துக்கிட்டுப் பார்த்தா, பயன்படுத்தப் போகிறவரை யாரும் நினைச்சுப் பார்த்த மாதிரி தெரியலை.

முதல் குறை, மேலே இருக்கிற செய்தி. இறந்த முறையை விவரிக்காதீர்கள், உதவி கிடைக்கும் இடத்தைச் சொல்லுங்கள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஊடக வழிகாட்டி இரண்டையும் சேர்த்தே சொல்லுது. அதையொட்டிய நெறிமுறையை இந்தியப் பத்திரிகை கவுன்சில் 2019-இல் ஏற்றுக்கொண்டது. பல செய்திகளில் இரண்டாவது மட்டும்தான் நடக்குது. எல்லா விவரத்தையும் எழுதிட்டு, கடைசியில் எண்ணை ஒட்டிடறாங்க.

இரண்டாவது, வடிவம். பல தளங்களில் அந்தக் கட்டம் வெறும் படம். தொட்டால் அழைப்பு போகாது. பார்வையற்றவரின் திரைவாசிப்பானுக்கு அதில் எழுத்தே இல்லை. எண்ணைத் தொட்டதும் அழைக்க வைக்கும் இணைப்புக்கான தரநிலை 2004-லேயே வந்தாச்சு. ஒரு வரி நிரல் போதும்.

மூன்றாவது, எண்களோடு வேற தகவலே இல்லை. இலவசமா? இப்போ எடுப்பாங்களா? தமிழில் பேசலாமா? நடுராத்திரியில் தவிக்கிறவருக்கு இந்தச் சந்தேகங்களே பெரிய தடை. 2022 அக்டோபர் 10-இல் தொடங்கிய மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. இந்த மூன்று கேள்விக்கும் அதன் பதில் 'ஆமாம்'. ஆனா பல கட்டங்களில் அந்த எண்ணே கிடையாது. அமெரிக்காவில் அதே ஆண்டு ஜூலையில், நீளமான பழைய எண்ணோடு 988 என்ற மூன்றிலக்க எண்ணையும் நாடு முழுக்கக் கொண்டுவந்தாங்க. பதற்றத்தில் இருக்கிறவருக்கு ஒவ்வொரு இலக்கமும் சுமைதான்.

நான்காவதுதான் ரொம்ப மோசம். தற்கொலைக்கு முயல்வது சட்டப்படி குற்றம்னு இன்னமும் சில இடங்களில் எழுதறாங்க. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதணும், தண்டிக்கக் கூடாதுன்னு சொல்லுது. போலீஸ் வரும்னு பயப்படுறவர் எப்படி போன் பண்ணுவார்?

தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 2022-இல் தமிழ்நாட்டில் மட்டும் 19,834 தற்கொலைகள். கட்டத்தில் இருக்க வேண்டியது இவ்வளவுதான்:

மனசு தாங்கலையா? 14416-ஐ அழையுங்க. எந்நேரமும் எடுப்பாங்க. இலவசம். தமிழிலேயே பேசலாம்.