கட்டைக் கணக்கும் தாழ்சுருதியும்: மதுரை நாகசுர மரபை முன்வைத்து ஒரு திறனாய்வு

தமிழிசை பற்றிய ஆய்வுரைகளில் ‘சுருதி இறங்கிவிட்டது’ என்னும் தொடர் பெரும்பாலும் இரங்கற் குறிப்பாகவே இடம்பெறுகிறது. நாடகமேடையில் ஐந்து, ஐந்தரைக் கட்டையில் பாடியோர் இருந்தனர். இன்று ஒரு கட்டையிலோ ஒன்றரைக் கட்டையிலோ பாடுகின்றனர். நாலரைக் கட்டை நாகசுரம் இரண்டு கட்டைக்கு வந்துவிட்டது. இவ்விறக்கம் குரல்வளத்தின் வீழ்ச்சி, மூச்சுப் பயிற்சியின் தேய்வு, ஒலிபெருக்கி தந்த சோம்பல் என்றெல்லாம் விளக்கப்படுகிறது. எந்த நிலையிலிருந்து இறங்கியது என்னும் வினாவோ அரிதாகவே எழுப்பப்படுகிறது.

இவ்வினா பொருந்தும் கருவி ஒன்று உண்டு, அது கித்தார். அதற்கு வழக்கச் சுருதி என ஒன்று வரையறுக்கப்பட்டுள்ளது. பன்னாட்டளவில் ஏற்கப்பட்ட 440 அதிர்வு என்னும் அளவையின்படி அதன் தடித்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 82.4 முறை அதிர வேண்டும். முறுக்காணியைத் தளர்த்தி அதனை அரைச்சுரம் இறக்கினால் அதிர்வு 77.8 ஆகும், தந்தியின் இழுவிசை 11 விழுக்காடு குறையும். அதிர்வெண்ணின் இருமடிக்கேற்ப இழுவிசை மாறுவதால் மூன்று அரைச்சுரம் இறக்குகையில் 29 விழுக்காடு குறைகிறது. தொழிற்சாலை விபத்தில் விரல்நுனிகளை இழந்த டோனி அயோமி, பிளாக் சப்பாத் குழுவின் 1971ஆம் ஆண்டு இசைத்தட்டில் இவ்வாறு மூன்று அரைச்சுரம் இறக்கி வாசித்தார். காயமுற்ற விரல்களுக்கு இசைவாகத் தளர்த்தப்பட்ட தந்தி, பின்னர் ஓர் இசைவகையின் அடையாள ஒலியாயிற்று. அங்கு இறக்கம் என்பது வரையறுத்த ஓர் இடத்திலிருந்து விலகுதல். விலகிய தொலைவை அளந்து கூறவும் இயலும்.

தமிழிசையில் அவ்வாறு வரையறுத்த இடம் இருந்ததில்லை. சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவை மதுரைப் புறஞ்சேரியில் நிகழ்வது. மாதரி ஏழு பெண்களை நிறுத்தி அவர்களுக்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் எனப் பெயரிடுகிறாள். ஒருத்தி குரலாவது அவளது குரலின் உயரத்தால் அன்று. வட்டத்தில் அவள் நிற்கும் இடத்தால். வேறொரு நரம்பைக் குரலாகக் கொண்டு பாலை மாற்றும் பண்ணுப்பெயர்ப்பும் இக்கருத்தின் மேலேயே நிற்கிறது. சுரம் என்பது உறவு, அளவன்று. எனவே ஆதார சுருதியை எங்கு வைப்பினும் பண் கெடுவதில்லை என்பது மரபின் அடிப்படைத் துணிபு.

அளவு பின்னாளில் ஆர்மோனியத்துடன் வந்தது. ‘கட்டை’ என்ற சொல்லே அக்கருவியின் விரற்கட்டையைக் குறிப்பதுதான். வெள்ளைக் கட்டைகளை வரிசையாக எண்ணி, இடைப்பட்ட கறுப்புக் கட்டைகளுக்கு ‘அரை’ சேர்த்துக் கூறுவது வழக்கம். வானொலி 1940இல் ஆர்மோனியத்துக்கு விதித்த தடை முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. கமகத்துக்கு அக்கருவி ஒவ்வாது என்ற வாதத்தில் உண்மையும் உண்டு. ஆயின் அவ்வாதத்தை முன்வைத்தவர்களும் தத்தம் சுருதியை ஆர்மோனியக் கட்டையாலேயே கூறி வந்தனர்.

இவ்வெண்முறையில் ஒரு குறை உண்டு. ஆய்வாளர் பலர் அதனைக் கருதுவதில்லை. கட்டைகளின் இடைவெளி சமமானதன்று. ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையே இரண்டு அரைச்சுரம். மூன்றுக்கும் நான்குக்கும் இடையே ஒன்றே. ஆகவே ஐந்திலிருந்து மூன்றுக்கு இறங்குவது மூன்று அரைச்சுரம். மூன்றிலிருந்து ஒன்றுக்கு இறங்குவது நான்கு. இரண்டையுமே ‘இரண்டு கட்டை குறைந்தது’ என எழுதுவது, ஏணியின் படிகள் ஒரே உயரமுடையவை எனக் கொண்டு மாடியின் உயரத்தைக் கூறுவதற்கு ஒப்பாகும். நாலரையிலிருந்து இரண்டு கழிய இரண்டரைக் கட்டை என்பது கணக்கு. செவிக்கு அது நான்கு அரைச்சுரம் மட்டுமே.

நாகசுரத்தில் இந்நான்கு அரைச்சுரத்தின் பொருள் யாது? கித்தாரில் ஆணியைத் திருகினால் போதும், கருவி மாறுவதில்லை. வயலினிலும் அவ்வாறே. இரண்டு கட்டையில் பாடுவோருக்குத் துணையாக வாசிக்கும் வயலினில் மேல் தந்தி, மேற்கத்திய நிலையினும் ஏழு அரைச்சுரம் வரை தாழ்த்தப்படுவதுண்டு. சுரத்தை இழைத்து வாசிப்பதற்கு அத்தளர்வு துணை செய்கிறது. குழற்கருவிக்குத் தளர்த்துவதற்கு எதுவுமில்லை. பிற கூறுகள் மாறாதிருப்பின், குழலின் ஒலி நான்கு அரைச்சுரம் இறங்க அதன் நீளம் ஏறத்தாழ 26 விழுக்காடு கூட வேண்டும். வேறு மரம் கடைய வேண்டும். துளைகளை வேறிடத்தில் இட வேண்டும். விரல்களின் விரிவு, சீவாளியின் அளவு, மூச்சைச் செலுத்தும் முறை யாவும் மாறும். நாகசுரத்தில் சுருதி இறக்கம் வாசிப்பவரின் முடிவு மட்டுமன்று. ஆசாரியின் பட்டறையில் நிகழும் முடிவு.

குட்டையான திமிரியிலிருந்து நீண்ட பாரிக்கு நிகழ்ந்த மாற்றத்தில் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) பங்கும், நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியின் பங்கும் இணைத்துப் பேசப்படுவது இதனாலேயே. 2022இல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாகசுரத்தின் பெருமை தாழ்ந்த சுருதி மட்டுமன்று. பழைய திமிரியில் சுத்த மத்திமம் தன் இடத்தில் நில்லாது. உதட்டாலும் மூச்சாலும் அதனைத் திருத்தி வாசிக்க வேண்டியிருந்தது. புதிய குழலில் அது இயல்பாக அமைந்தது. ஆக, சுருதி இறங்கிய அதே கருவியில் சுரத்தின் இடம் செம்மையுற்றது. இறக்கத்தை வீழ்ச்சி என வாசிப்போர் இவ்விரண்டையும் ஒருசேர நோக்குவதில்லை.

ஆயினும் இம்மாற்றத்தை வளர்ச்சி எனக் கொண்டாடும் எழுத்துகளும் முழுமையானவை அல்ல. அவை கச்சேரி மேடையில் அமர்ந்து கேட்பவனை மட்டுமே கேட்போனாகக் கொள்கின்றன. மதுரையின் ஒலிச்சூழல் வேறு. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி எனத் தெருக்கள் ஒன்றையொன்று சூழ்ந்து அமைந்துள்ளன. இத்தெருக்களில் சுவாமி புறப்பாட்டின் நாகசுரம் கலை மட்டுமன்று, செய்தியும் ஆகும். மல்லாரி கேட்டால் சுவாமி புறப்பட்டுவிட்டது. ஒலி எத்திசையிலிருந்து வருகிறதோ ஊர்வலம் அங்கே நிற்கிறது. கூட்டத்தின் இரைச்சலையும் தவிலின் அதிர்வையும் மீறி அடுத்த தெருவுக்கு எட்ட வேண்டிய குழலுக்கு உச்சச் சுருதி ஆடம்பரமன்று, தொழில்தேவை. மனிதச் செவி உயர் அதிர்வுகளையே கூர்மையாக உணர்வதும் இதற்குத் துணை. மதுரையைச் சூழ்ந்த சிற்றூர்களில் கரகாட்டத்துக்கு இசைக்கும் நையாண்டி மேளத்திலும், பம்பை, தவில், தமுக்கு ஆகியவற்றுக்கு மேல் எழ வேண்டிய நாகசுரத்தின் நிலை இதுவே.

ஒலிபெருக்கி இத்தேவையைத் தளர்த்தியது. அதனால் தாழ்சுருதிக்கு இடம் கிடைத்தது. நீண்ட ஆலாபனைக்கும் இடம் கிடைத்தது. மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்பு இம்மாற்றத்தின் மறுமுனையைக் காட்டுகிறது. 1968இல் வெளிவந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ திரைப்படத்துக்காக அவர்கள் வாசித்த நாகசுரம் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒலிவாங்கியின் முன் பிறந்தது. அங்கு அடுத்த தெரு இல்லை. உரத்து ஊத வேண்டாத இடத்தில் மென்மையும் நுண்மையும் கேட்போனுக்குத் தெளிவாக எட்டின. நாகசுரத்தைக் கோயிலில் கேளாத பல்லாயிரவர் அதனைத் திரையரங்கில் கேட்டனர். இப்பேறு சிறிதன்று. ஆனால் தெருவில் ஓடி வந்து கேட்டவனின் இசை இதுதானா என்னும் வினாவுக்கு ஆம் என்று விடை கூறவும் இயலாது.

நாடகமேடை பற்றிய குறிப்பையும் இவ்விடத்தில் சேர்க்கலாம். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கு எட்டப் பாடிய சிறுவர்களின் சுருதி உயர்ந்திருந்ததற்குப் பயிற்சி மட்டுமன்று, வயதும் காரணம். மகரக்கட்டு வந்ததும் அச்சுருதி தானே முடிவுற்றது. ஆடவர் பாட்டின் பொற்காலச் சுருதி என இன்று நினைவுகூரப்படுவதில் ஒரு பகுதி சிறுவர் குரலின் சுருதி என்பதை ஆய்வுரைகள் பிரித்துக் காட்டுவதில்லை.

சான்றுகளின் நம்பகத்தன்மையும் ஆராயத்தக்கது. முற்காலச் சுருதிகளை நிறுவ ஆய்வாளர் பெரிதும் நம்புவது பழைய இசைத்தட்டுகளை. அவற்றை ‘78 சுற்றுத் தட்டு’ என்று அழைப்பது பொதுவழக்கே. முற்காலத் தட்டுகள் யாவும் சரியாக அவ்வேகத்திலேயே பதிவானவை அல்ல. நிமிடத்துக்கு 74 சுற்றில் பதிவான தட்டை 78 சுற்றில் ஓட்டினால் சுருதி ஏறத்தாழ ஓர் அரைச்சுரம் ஏறிவிடும். நாலரைக் கட்டை எனக் குறிக்கப்பட்ட குழல் நான்கு கட்டைக்குச் சுருதி சேர்க்கப்பட்டதாகவும் இருக்கலாம். நாகசுரத்திலோ இன்னொரு சிக்கலும் சேர்கிறது. விரல் படும் ஏழு துளைகளுக்குக் கீழே சுருதி திருத்துவதற்கென்றே துளைகள் உள்ளன. அவற்றில் வேண்டியவற்றை மெழுகால் அடைத்து வாசிப்பவர் ஒலியைத் தம் விருப்பிற்கேற்ப நிறுத்திக்கொள்வார். அன்று அக்குழலில் எத்துளை அடைபட்டிருந்தது என்பதை எந்த இசைத்தட்டின் உறையும் கூறுவதில்லை.